டெங்குவுக்குப் பின் மங்கும் கண்: ஊவாத் தோட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி

டெங்கு என்றதும் நம்மிடம் இரண்டு கேள்விகள் தயாராக இருக்கின்றன. காய்ச்சல் எத்தனை நாள்? பிளேட்லெட் எவ்வளவு? வாட்டில் நோயாளியைப் பார்க்கப் போகும் உறவினர் முதல் வட்ஸ்அப் குழுவில் துஆ கேட்பவர் வரை எல்லோரும் இந்த இரண்டையும்தான் பேசுகிறோம். பிளேட்லெட் ஏறிவிட்டது, டிக்கட் வெட்டிவிட்டார்கள் என்றால் அல்ஹம்துலில்லாஹ், விடயம் முடிந்தது.

சிலருக்கு அந்த நாளில்தான் இன்னொரு விடயம் தொடங்குகிறது. காய்ச்சல் ஆரம்பித்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருக்கும். உடம்பு தேறுகிறது, பசி எடுக்கிறது. அப்போது ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுகிறது. எதிரில் நிற்பவரின் தோள் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. குர்ஆனைத் திறந்தால் வரியின் இரு முனைகளும் தெளிவாக இருக்கின்றன, நடுவில் இரண்டு மூன்று எழுத்துகளைக் காணோம். கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல கண். அதனால் நோயாளி சொல்வதை வீட்டாரே நம்புவதில்லை. "காய்ச்சல்ல கெடந்த அசதி, நல்லாச் சாப்பிட்டா சரியாகும்" என்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் பழி முழுவதும் சீனியின் மேல் விழும்.

இது கற்பனைப் பயம் அல்ல. விழித்திரையின் மையத்தில், எழுத்தையும் முகத்தையும் நிறத்தையும் நுணுக்கமாகக் காட்டும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. டெங்கு சிலருக்கு அந்த இடத்தின் நுண்ணிய குருதிக் குழாய்களைப் பாதித்து, அழற்சியையும் நீர்க் கசிவையும் சில வேளை குருதிக் கசிவையும் உண்டாக்குகிறது. வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதத்தை விட, அதை எதிர்க்கும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளப்பும் அழற்சியே இதற்குப் பெரும் காரணம் எனக் கருதப்படுகிறது. காய்ச்சல் தணிந்த பிறகு இது தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு விளக்கம். பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்களை ஒட்டியே பார்வைக் குறையும் வருவதாக வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் சிங்கப்பூர் வைத்தியர்கள். அங்கே 2005இல் டெங்கு பெருகியபோது, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு விழித்திரை மையத்தில் பாதிப்பு இருந்ததைக் கண்டார்கள். 2007இல் மீண்டும் டெங்கு பெருகியபோது அதே பாதிப்பைத் தேடினார்கள், காணவில்லை. முதல் பரவலில் முன்னணியில் நின்றது டெங்கு வைரஸின் முதலாம் வகை, இரண்டாவதில் இரண்டாம் வகை. வைரஸின் வகைக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுப்பெற்றது. அதன் பொருள், ஒரு வருடம் கண் பாதிப்பு இல்லை என்பதற்காக அடுத்த வருடமும் இருக்காது என்று சொல்ல முடியாது. 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகி 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2017ஐக் கண்ட நாடு நம்முடையது. நான்கு வகை வைரஸ்களும் மாறி மாறி வந்து போகும் நாடும் கூட. இங்கே கண்ணைப் பற்றி ஒவ்வொரு பரவலிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் பார்வை திரும்பிவிடுகிறது. ஒரு சிலருக்கு மட்டும் அந்த நடு மறைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. யார் அந்த ஒரு சிலர் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. பாதிப்பு கடுமையாக இருந்தால் கண் வைத்தியர்கள் ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பதுண்டு. அது அவர்கள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

இங்கே ஒரு வேடிக்கை. டெங்கு வந்தவரின் வெள்ளை விழியில் சில நேரம் இரத்தத் திட்டு படரும். பார்த்தவர்கள் பதறிப் போவார்கள், அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்புவார்கள். அந்தச் சிவப்புத் திட்டால் மட்டும் பார்வை கெடுவதில்லை, தானாகக் கரைந்துவிடும். காய்ச்சல் நாட்களில் கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலியும் டெங்குவின் வழமையான அடையாளம்தான். பார்வையைக் கெடுக்கும் பாதிப்புக்கு வெளியே அடையாளம் எதுவும் இல்லை. அதை நோயாளி சொன்னால்தான் தெரியும், நாம் கேட்டால்தான் அவர் சொல்வார்.

அந்தக் கேள்வியை ஊவாவில் வைத்துக் கேட்பதற்குக் காரணங்கள் உள்ளன.

மலைநாட்டில் நுளம்பு இல்லை என்பது பழைய நம்பிக்கை. குளிர்ந்த ஹப்புத்தளைக்கு ஓரளவு பொருந்தலாம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் பல, நுளம்பு சுகமாக வாழும் உயரத்தில்தான் உள்ளன. டெங்குவைப் பரப்பும் இரண்டு நுளம்புகளில் ஒன்று வீட்டை நாடுவது. மற்றது செடி கொடிகளை நாடுவது, குளிரையும் ஓரளவு தாங்கும், வெளியில் வேலை செய்பவரைப் பகலில் கடிக்கும். மலையில் கொழுந்து பறிப்பவருக்கு இரவு நுளம்பு வலை மட்டும் எப்படிப் போதும்?

தண்ணீர் விடயம் இன்னும் சிக்கலானது. ஊவாவில் வருட நடுவில் மாதக்கணக்கில் வரட்சி. பீலித் தண்ணீர் மெலிந்து போகும், லயத்து வாசலில் பீப்பாயும் பக்கெட்டும் வரிசை கட்டும். பிறகு ஒக்டோபரில் மழை தொடங்கும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆக வரட்சி, மழை இரண்டுமே அதற்குச் சாதகம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவுக்குப் பின் தார்ப்பாய் விரிப்புகள், உடைந்த கூரைகள், வெளியே வைத்த பாத்திரங்கள். இவை எல்லாம் நுளம்புக்குப் புது வீடுகள்.

லயத்துக் கூரையில் கிடக்கும் டயரைப் பார்த்திருப்பீர்கள். காற்று தகரத்தைத் தூக்காமல் இருக்கப் பாரத்துக்குப் போடுவது. அந்த டயருக்குள் தேங்கும் மழைநீரை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அந்த டயர் எங்கிருந்து வருகிறது? பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள டயர் கடைகளிலிருந்து. அவற்றில் நம்மவர்களின் கடைகளும் உண்டு. பழைய டயரைக் கொடுக்கும்போது நாலு இடத்தில் துளை போட்டுக் கொடுத்தால் தண்ணீர் நிற்காது. கடைக்காரருக்கு இரண்டு நிமிட வேலை.

நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இடத்தின் சொந்தக்காரர் அல்லது அங்கே குடியிருப்பவர் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. நகரத்து வீட்டில் இது தெளிவு. லயத்தில்? நிலமும் கட்டடமும் குடியிருப்பவருடையவை அல்ல, கூரையை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை, பீலி உடைந்தால் திருத்துவது நிர்வாகத்தின் வேலை. ஆனால் பரிசோதனைக்கு வருபவர் முதலில் காண்பது வாசலில் நிற்கும் குடும்பத்தை. தண்டப் பணம் யார் தலையில் விழ வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்தை விடத் தோட்டத்து நிலவரமே தீர்மானிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்த நடு மறைப்பு ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றிய இலையையும் இளங்கொழுந்தையும் ஓடும் கையோடு பிரித்தறிய வேண்டும். அதற்குத் தேவையானது பார்வையின் மையம்தான். சரிவில் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், அட்டை ஏறுவது தெரிய வேண்டும். கண் மங்கினால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். காய்ச்சலுக்கு ஏற்கெனவே பத்து நாள் போயிருக்கும். அதன் பிறகு "கண் சரியில்லை" என்று இன்னொரு நாளை இழந்து பதுளைக்கு பஸ் ஏற அவர் யோசிப்பார். நகரத்தில் கடையில் இருப்பவர் கண்ணாடி மாற்றிப் பார்ப்பார், போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்வார். மலையில் அந்த வசதி கிடையாது.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு தடை உண்டு: மொழி. "நடுவுல மட்டும் ஒரு கறுப்பா நிக்குது, ஓரம் எல்லாம் தெரியுது" என்று அந்தப் பெண் தமிழில் சொல்கிறார். கூட வந்தவர் அதைச் சிங்களத்தில் "எஸ் பேன்னே நே", அதாவது கண் தெரியவில்லை, என்று சொல்லி முடித்துவிடுகிறார். வைத்தியருக்குத் துப்புக் கொடுக்கும் விவரம் மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டது. நீண்ட வரிசை, அவசரம். வெள்ளெழுத்து, கண்ணாடி என்று விடயம் வேறு பக்கம் போகலாம். பத்து நாளுக்கு முன் டெங்கு இருந்தது என்பதைச் சொல்லவே மறந்திருப்பார்கள்.

இங்கேதான் ஊவா முஸ்லிம்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவ, சில்மியாபுர எங்கும் தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அனர்த்த காலத்தில் சமைத்த சாப்பாட்டுப் பார்சலோடு முதலில் ஓடுபவர்கள் அவர்கள். கிளினிக் நாளில் இரண்டு பேர் கண் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, தோட்டத்திலிருந்து வருபவர்கள் சொல்வதை ஒரு துண்டில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுத்தால் போதும். வைத்தியசாலை நிர்வாகத்தின் அனுமதியோடு பள்ளிவாசல் நிர்வாகங்கள் முறை வைத்துச் செய்யக் கூடிய வேலை இது. பார்சலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. படம் எடுத்துப் போடவும் அவ்வளவாக எதுவும் இருக்காது, அதுதான் ஒரே குறை!

அடுத்தது பாமசி. கண் மங்கினால் வைத்தியரிடம் போகுமுன் மக்கள் போவது அங்கேதான். "கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து தாங்க" என்று கேட்பார்கள். விழித்திரையின் மையத்தில் இருக்கும் பாதிப்பைச் சொட்டு மருந்து போய்த் தொடுவதில்லை. ஸ்டீரொய்ட் கலந்த சொட்டு என்றால் இன்னும் மோசம். யாரும் கண்காணிக்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் கண்ணின் அழுத்தம் ஏறும், சில வைரஸ் தொற்றுகள் பெருகும். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றால் விழித்திரைக்கு ஒரு பயனும் இல்லை, வெளியே தொற்று வரும் வாய்ப்பு மட்டும் உண்டு. பாமசி நடத்தும் நம் சகோதரர்கள் மருந்தை எடுக்குமுன் "இந்த மாதம் காய்ச்சல் வந்ததா?" என்று மட்டும் கேட்டு, ஆம் என்றால் சொட்டு கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு வியாபாரம் குறையும், அவ்வளவுதான்.

டெங்குவோடு இது முடிவதில்லை. 2006இல் நாட்டை முடக்கிப் போட்ட சிக்குன்குன்யா நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024 இறுதியிலும் 2025இலும் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கங்களில் மீண்டும் பரவியது. கண்டியும் பதுளையும் ஒரே பஸ் பாதையில் இருக்கின்றன. 2006 காலத்தில் தென்னிந்தியாவிலும் அதே நோய் பரவியபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வைத்தியர்கள் சிக்குன்குன்யா வந்தவர்களின் கண்களில் பல வகை அழற்சிகளைக் கண்டு எழுதினார்கள். கண்ணின் முன்பகுதியில் அழற்சி, விழித்திரை அழற்சி, பார்வை நரம்பு வீக்கம். டெங்குவோடு இதற்கு ஒரு வித்தியாசம் உண்டு. முன்பகுதி அழற்சி என்றால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைத் தாங்காது. காய்ச்சலுக்குச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். மூட்டு வலியோடு அல்லாடுகிறவர் அதை வழமையான "கண் நோய்" என்று நினைத்து விட்டுவிடுவார். ஊரில் எல்லோருக்கும் ஒட்டும் கண் நோயில் பீளை கட்டும், பார்வை பெரும்பாலும் குறையாது. பீளை இல்லாமல் வலியும் கூச்சமும் மங்கலும் சேர்ந்து வந்தால் அது வேறு.

நுளம்பு கண்ணைத் தொட்ட கதை உலகில் புதிதும் அல்ல. 2000ஆம் ஆண்டில் சவூதியின் ஜிஸான் பகுதியிலும் யெமனிலும் ரிப்ட் வெலி காய்ச்சல் பரவியபோது விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வையை இழந்தவர்கள் இருந்தார்கள். பிரேசிலில் 2015க்குப் பின் சிக்கா வைரஸோடு பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் தழும்புகள் காணப்பட்டன.

நமது நாட்டில் காணப்படும் இன்னொன்று, நாய்களிடமிருந்து நுளம்பு கொண்டு வரும் ஒரு வகைப் புழு. நூல் போல மெல்லியது. தோலுக்கு அடியில் கட்டியாகவோ, சில நேரம் வெள்ளை விழியின் மெல்லிய தோலுக்கு அடியில் நெளிவதாகவோ தெரியும். உலகில் இந்தப் புழு மனிதரிடம் அதிகமாகப் பதிவாகும் நாடுகளில் இலங்கையும் ஒன்று, சிறு பிள்ளைகளிடமும் காணப்படுகிறது. பார்க்கத்தான் பயங்கரம். பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் இருக்கும், கண் வைத்தியர் சிறிய சத்திரசிகிச்சையில் எடுத்துவிடுவார். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நாயைத் தொட்டதால் வருவதும் அல்ல, நடுவில் நுளம்பு வேண்டும். ஆகவே இதைச் சாக்காக வைத்து லயத்து நாய்களை அடித்து விரட்டுவதில் அர்த்தமில்லை.

மலேரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு போன நோய் அது. மொனராகலை, வெல்லவாய, புத்தல பகுதிகளில் நீண்ட காலம் வேரூன்றியிருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் நம் நாட்டிற்குள் தொற்றிய நோயாளர் எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஒவ்வொரு நோயாளரையும் தேடிப் போய் எழுதி வைத்த உழைப்புக்கு இந்த வெற்றியில் பெரும் பங்கு உண்டு. அதே நாட்டில் டெங்கு நோயாளரை அறிவிக்கும் படிவத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதப்படாததை யாரும் எண்ணுவதில்லை, எண்ணப்படாத நோய்க்கு வைத்தியரும் கருவியும் கேட்டு மாகாண சபையிடம் வாதாடவும் முடியாது.

புதிய திணைக்களமோ பெரிய நிதியோ கேட்கவில்லை. டிக்கட் வெட்டும்போது "எழுத்து தெரிகிறதா, நடுவில் ஏதாவது மறைக்கிறதா" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கேள்வி. வீட்டில் ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் எதிர் லயத்துத் தகரக் கூரையின் கோடுகளைப் பார்க்கச் சொல்லலாம். கோடு நடுவில் வளைந்தாலோ அறுந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும் என்பதால்தான் ஒவ்வொன்றாக. இதைத் தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் சொல்லலாம், ஜும்ஆவுக்குப் பிந்திய அறிவித்தலில் நமது கதீப்மாரும் சொல்லலாம். நோயாளரைப் பார்க்கப் போவது சுன்னத் என்று போகும் நாம், பிளேட்லெட்டை விசாரித்த வாயால் கண்ணையும் விசாரிக்கலாம். பள்ளிவாசலில் ஹவ்ழு இருந்தால் அதில் மீன் விடும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டாம், குடம்பியை மீன் தின்னும்.

கண் பிரிவில் பார்த்த பிறகு தரும் கார்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளி என்றால் அதில் வைத்தியரிடம் இன்னும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: அடுத்த கிளினிக் வரை சரிவில் வேலை வேண்டாம், இலகுவான வேலை கொடுக்கவும். கண் சிவக்காத ஒருவர் வெறும் வாயால் சொன்னால் கங்காணியும் நம்ப மாட்டார், துரையும் நம்ப மாட்டார். அந்த வரி கையில் இருந்தால் காட்டலாம்.